கலெக்டருக்கு ஒரு கூடை மண்

தேவபிரசாதம் எதையும் வீணாகப் போகவிடாத மனிதர். தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியின் குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். தார்ப்பாய், வடம், கொக்கி, சாக்கு தைக்கிற ஊசி எல்லாம் அவர் பொறுப்பு. அறுந்துபோன வடத்தின் முழநீளத் துண்டைக்கூட வெளியே எறிய விடமாட்டார். பிரித்து, உதறி, முறுக்கிச் சணலாக்கி ஆணியில் தொங்கவிட்டுவிடுவார். "இதுனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்பது அவருடைய வாய்ப்பழக்கம். தோணிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பிரயோஜனம் சார்' என்றே சொல்லிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் குணம் பிறந்து வளர்ந்த ஊரான நாசரேத்தில் வந்தது. தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட, அம்மா துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். பழைய பாவாடை தலையணை உறையாகி, தலையணை உறை விளக்குத் துடைக்கிற துணியாகி, அதன்பிறகும் ஏதோ ஒன்றாகிற வீடு அது. அங்கே வளர்ந்தவருக்கு உலகத்தில் பொருள்கள் இரண்டு வகைதான். உபயோகப்படுகிறவை, உபயோகப்படாதவை.

மனைவி ஜெயபாய் அந்த வகை பிரிக்கத் தெரியாதவள். ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் வந்து காபித் தம்ளரைக் கையில் எடுத்தால் அன்று வகுப்பில் நடந்தது ஒன்று விடாமல் வாயில் வரும். எந்தப் பிள்ளை விழுந்த பல்லைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தது, எது ஜெபவேளையில் தூங்கி விழுந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தேவபிரசாதம் "ம்" போட்டுக்கொண்டே பேப்பர் படிப்பார். அவள் நிறுத்தினால் மட்டும் நிமிர்ந்து, "பொறவு?" என்பார்.

ஆமையும் பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான் வந்தது. கல்யாணமான புதிதில் அவள் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், செம்மணல் தேரிக்காட்டு ஓரமாக ஒரு ஊரில் வேலை பார்த்தாள். தூத்துக்குடிக்கு மாற்றலாகிக் கிளம்பிய அன்று, அவளிடம் படித்த பிள்ளையின் தகப்பன் ஒருத்தர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். பதநீர் இறக்கப் போன இடத்தில் அகப்பட்டதாம். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆமைக்குட்டி. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் வெடித்துக் கிளம்பினாற்போல ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நட்சத்திரம். அவள் அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து இறங்கினாள்.

"இதுனால என்ன பிரயோஜனம்?" என்று தேவபிரசாதம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. இருந்துட்டுப் போகுது" என்றாள்.

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று தெருவில் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஜெயபாய் அதைக் காதில் வாங்கவில்லை. அது தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், வழியில் யார் நின்றாலும் அவர்கள்தான் விலக வேண்டும் என்கிற மாதிரி நடந்து வரும். அதனால் அதற்குக் 'கலெக்டர்' என்று பெயர் வைத்தாள். ஆண் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணம் ஒன்றும் கிடையாது.

இருபது வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது. ஒரே மகன் படிப்பை முடித்து மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டான். கலெக்டர் ஒரு சோற்றுச் சட்டியைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு வளர்ந்திருந்தது. அப்போது அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பெரிய புறவாசல் உண்டு. முருங்கை மரம், துணி துவைக்கிற கல், மீதியெல்லாம் மண். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசியில் நல்ல மழை பெய்து வெறித்த சாயங்காலம். கலெக்டர் முருங்கை மூட்டில் பின்னங்கால்களால் மாற்றி மாற்றி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. தோண்டின குழியில் தானே நீர் விட்டு நனைத்து, மறுபடி தோண்டியது. ஜெயபாய் அதற்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயைக் கூப்பிட்டாள்.

பேச்சித்தாய் தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர்க்காரி. அவள் புருஷனுக்கு உப்பளத்தில் வேலை. கோழியும் ஆடுமாக வளர்க்கிறவள். வந்து குனிந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சர், ஒங்க கலெக்டரு முட்ட போடுதாருல்லா!"

கொஞ்சம் நீளவாக்கில், வெள்ளை வெளேரென்று, கோழி முட்டையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக மூன்று முட்டைகள். ஒவ்வொன்றாகப் போட்டு, பின்காலாலேயே தொட்டுத் தடவி ஒழுங்குபடுத்தி, மண்ணை இழுத்து மூடி, வயிற்று ஓட்டால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கலெக்டர் அந்த இடத்தைவிட்டுப் போனது. பெண்கள் இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

தேவபிரசாதம் வீட்டுக்கு வந்ததும் விஷயம் அவர்மேல் வந்து விழுந்தது. குஞ்சு வருமா வராதா? குடோனுக்கு வந்துபோகிற ஒரு பழைய மாலுமியிடம் அவர் விசாரித்தார். கடலாமையைப் பற்றித்தான் அந்த ஆளுக்குத் தெரியும். கடைசியில் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடமே கேட்டார். ஆண் துணை இல்லாமல் போட்டால் வெறும் முட்டைதான், வளர்ப்புக் கோழி போடுவதில்லையா, அதுமாதிரி என்று டாக்டர் சொன்னார்.

பேச்சித்தாய்க்கு அது நம்பிக்கைப்படவில்லை. ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தன் அடைகோழியின் அடியில் வைத்தாள். கோழி எழுந்து நின்று, தலையைச் சாய்த்து அதை ஒரு பார்வை பார்த்து, காலால் எத்தி வெளியே தள்ளிவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது. "எங்க கோழி கலெக்டர் ஆபீஸ் வேல பாக்க மாட்டேங்குது டீச்சர்" என்று மதிலுக்கு மேலாக அவள் சத்தம் போட, ஜெயபாய் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. மண்ணுக்குள் விட்ட இரண்டும் மாசக்கணக்கில் அப்படியே கிடந்தன.

அதன்பிறகு வருஷத்தில் ஒருதரமோ இரண்டுதரமோ கலெக்டர் முட்டை போடும். வெறும் முட்டை என்று தெரிந்தும் ஜெயபாய் அந்தச் சாயங்காலங்களில் புறவாசலில் யாரையும் நடமாட விடமாட்டாள். முட்டை போடுகிற உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று மீன்கார அல்போன்சா சொன்னதால், கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் மீன் ஓடு கொண்டுவருகிற வேலை தேவபிரசாதத்துக்கு வந்தது. அவர் முணுமுணுக்காமல் கொண்டுவந்தார். கலெக்டர் அதை நறநறவென்று கடித்துத் தின்பதை நின்று பார்க்கவும் செய்தார். அந்த ஆமையை அவருக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஒருதரம் மழைநாளில் அது வீட்டுக்குள் கிடந்த சாக்கின்மேலேயே ஒரு முட்டையைப் போட்டுவிட்டுப் போனது. அதை அவர்தான் முதலில் பார்த்தார். போடணும்னா எங்கே வேண்டுமானாலும் போடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவர் மனசில் தங்கிவிட்டது.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கிய காலத்தில், அவர்கள் இருந்த வீட்டையும் அதை ஒட்டிய மனையையும் வீட்டுக்காரர் விற்க முன்வந்தார். ஒரு பாதியைத் தேவபிரசாதமும் மறுபாதியைப் பேச்சித்தாய் புருஷனும் வாங்கினார்கள். தேவபிரசாதம் பழைய அடுப்படியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். சிமெண்டுக்கு அப்போது பெர்மிட் வாங்க வேண்டும். அலைந்து திரிந்து வாங்கினார். வேலை முடிந்தபோது இரண்டு மூட்டை மிச்சம் நின்றது.

இரண்டு மூட்டை சிமெண்ட் அந்தக் கடல் காற்றில் கல்லாகிப் போவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புறவாசல் பக்கம் தரையிலிருந்து உப்பு ஏறிச் சுவர் பொரிந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் சகதி. சிமெண்டைப் போட்டு மெழுகிவிட்டால் சுத்தமாகவும் இருக்கும், சாமானும் வீணாகாது. முருங்கையை ஏற்கெனவே அடுப்படிக்காக வெட்டியாயிற்று.

கொத்தனார் வெள்ளத்துரை கரண்டியை வைத்துக்கொண்டு நின்றான். "சார், அந்த மூலையில கொஞ்சம் மண்ணா விட்டுருவமா? டீச்சர் சொன்னாவ."

ஜெயபாயும் வாசல்படியில் நின்றாள். "ஒரு பாய் அகலம் விட்டாப் போதுங்க. கலெக்டரு முட்ட போடுத எடம்."

"அது என்ன, குஞ்சா பொரிக்கப் போகுது?" என்றார் தேவபிரசாதம். "வெத்து முட்டைக்கு எதுக்குளா மண்ணு? அந்த மூலையில மண்ண விட்டா அது வழியா உப்புத் தண்ணி ஏறி மொத்தத் தரையும் பேந்துரும். போட்ட சிமெண்டு வீணு."

அவள் உள்ளே போய்விட்டாள். வெள்ளத்துரை மூலைவரைக்கும் சிமெண்டைப் பரப்பினான். கலவை நல்ல கலவை. அவரே பக்கத்தில் நின்று போடச் சொன்ன கலவை.

முதல் வருஷம் பாதகமில்லாமல் போயிற்று. முட்டை போடுகிற நேரம் நெருங்கினால் கலெக்டர் நிலைகொள்ளாமல் சுவரோரம் சுற்றும். ஜெயபாய் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுப் புறவாசலுக்குப் போவாள். அங்கே மண் இருந்தது. நாயும் கோழியும் வராமல் இரண்டு பேரும் காவல் இருப்பார்கள். இதெல்லாம் தேவபிரசாதம் குடோனில் இருக்கும்போது நடக்கிற சங்கதி. அவர் அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை.

அதற்கடுத்த வருஷம், மழைக்காலம் தொடங்குகிற சமயம், சாத்தான்குளத்திலிருந்து ஆள் வந்தது. ஜெயபாயின் அண்ணன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அவள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவள் திரும்பி வந்தாள்.

"இங்கேருங்க, இந்தத் தடவ அதுக்கு முட்ட போடுத நேரம். தீவனத்த மோந்து பாத்துட்டுப் போகுது, ஒழுங்காத் தின்ன மாட்டேங்குது. பழைய மரப்பெட்டி ஒண்ணு அடுப்படியில கெடக்குல்லா, அதுல நல்லா ஆழமா மண்ணு போட்டு, தண்ணி தெளிச்சு வச்சிருங்க. அதுவா ஏறிப் போட்டுக்கிடும்."

"சரி."

"மறந்துராதீய."

"சரின்னு சொல்லுதேன்லா."

அவர் மறக்கவில்லை. அதுதான் பிற்பாடு அவரை அறுத்தது. மறந்திருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நினைவிருந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தார். உரக் கப்பல் ஒன்று வந்து நின்றது. மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. கரையில் இறக்கிய மூட்டைகள் நனையாமலிருக்கத் தார்ப்பாய் கேட்டு நாலு பக்கமும் ஆள் வந்தது. குளிக்கவும் உடுப்பு மாற்றவும்தான் அவர் வீட்டுக்கு வந்தார். வருகிறபோதெல்லாம் கலெக்டர் புறவாசலில் அந்தப் பழைய மூலையில் நின்று சிமெண்டுத் தரையைப் பின்னங்காலால் சுரண்டிக்கொண்டிருக்கும். சர், சர் என்று ஒரு சத்தம். அவர் அதைத் தூக்கி வீட்டுக்குள் சாக்கில் விடுவார். சாக்கில் ஒருதரம் போட்டதுதானே. திரும்பி வந்து பார்த்தால் அது மறுபடியும் மூலையில் நிற்கும்.

பேச்சித்தாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "அண்ணாச்சி, அது போட எடம் இல்லாம தவிக்குது. டீச்சரு எப்பவும் இங்கனதான் கொண்டாருவாவ. எங்கிட்ட தாங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம். ஒங்க வீட்டு நாயி வேற நிக்குது."

"நாயக் கெட்டிப் போடுதேன்."

"போடணும்னா எங்கன வேணும்னாலும் போடும் பேச்சித்தாய். வெத்து முட்டதான. போடலன்னாதான் என்ன கெட்டுப் போச்சு?"

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை விட்டு, கப்பலும் கிளம்பின பிறகு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து, நிதானமாகக் கலெக்டரைப் பார்த்தார். அது சுரண்டுவதை நிறுத்தியிருந்தது. மூலையிலேயே தலையைப் பாதி உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தது. தக்காளியை நறுக்கி மூக்கருகே வைத்தார். திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டது. தூக்கிப் பார்த்தார். பின்கால் நகங்கள் தேய்ந்து சதை தெரிந்தது. காலில் உயிர்ப்பே இல்லை, தொங்கியது. கீழே சிமெண்டில் வெள்ளை வெள்ளையாக நகக்கீறல்கள், அந்த மூலை முழுக்க.

வயர்கூடையில் துண்டை விரித்து அதை வைத்து, ரிக்‌ஷா பிடித்து மாட்டாஸ்பத்திரி டாக்டரின் வீட்டுக்கே போனார். இந்த டாக்டர் வேறு ஆள், வயதில் இளையவர். அவர் பின்காலுக்கு முன்னால் இருக்கிற மெத்தென்ற இடத்தில் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார்.

"உள்ள முட்டை இருக்கு சார். வெளிய வராம நின்னுபோச்சு. வீட்டுல மண் தரை இல்லியா?"

"சிமெண்டுத் தரை."

"ஆமைக்கு நான் வைத்தியம் பண்ணினதில்ல, சொல்லிடுறேன். பசுவுக்குப் போடுற ஊசியில கொஞ்சமாப் போட்டுப் பாக்கலாம். ஈர மண்ணுல விட்டு வைங்க. முட்டை போட எடம் தேடி எத்தனை நாளா அலையுது?"

தேவபிரசாதம் கூடையில் துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"வெத்து முட்டதான டாக்டர்?" என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"கருவிருந்தாலும் இல்லாட்டியும் அது வெளிய வந்தாகணும் சார்."

டாக்டர் ஊசி போட்டார். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து மரப்பெட்டியை இழுத்துப் போட்டார். பேச்சித்தாயைக் கூப்பிட்டார். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் புறவாசலில் தோண்டி ஒரு கூடை மண்ணை மதில்வழியே தூக்கிக் கொடுத்தாள். அவர் அதைப் பெட்டியில் கொட்டி, கட்டிகளை விரலால் உதிர்த்து, தண்ணீர் தெளித்து, கையால் ஒரு குழியும் பறித்து வைத்தார். கலெக்டரை அதன்மேல் விட்டார். அது முன்காலால் கொஞ்சம் நகர்ந்தது. மண் வாசனை அதற்குத் தெரிந்தது என்றுதான் அவர் நினைத்தார். பின்காலை அசைக்கப் பார்த்தது. கால் வரவில்லை.

மறுநாள் காலையில் அது பெட்டிக்குள் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கம்பவுண்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே ஐந்து முட்டைகள் இருந்ததாகவும், அதில் ஒன்று உடைந்து சீழ் வைத்திருந்ததாகவும் சொன்னார். தேவபிரசாதம் அதைத் தார்ப்பாய்த் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய், சங்கு பொறுக்குகிறவர்கள் நடமாடுகிற இடம் தாண்டி, உடைமரங்களுக்கு நடுவே கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார்.

ஜெயபாய் அந்த வாரக் கடைசியில் வந்தாள். அண்ணன் கொஞ்சம் தேறியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் புறவாசலுக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய், எப்படியோ சொல்லி முடித்தார். அவள் அங்கே இருந்த மரப்பெட்டியைப் பார்த்தாள். மண் நிரம்பி, இன்னும் ஈரத்தோடு இருந்தது.

"மண்ணு போட்டு வச்சியளா?"

"ஆமா" என்றார்.

ஒரு சொல்தான். அவள் பெட்டியைப் பார்த்துக் கேட்டதால் அது பொய்கூட இல்லை என்று ஒரு விநாடி தோன்றியது. அவள் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"மண்ணு இருந்தும் போடலியா? அப்ப நான் இல்லாதது கண்டுதான் இப்பிடி ஆயிட்டு. நான் பக்கத்துல இருந்தாத்தான் அது போடும். நான் போயிருக்கக் கூடாதுங்க."

"அப்பிடில்லாம் ஒண்ணுமில்ல" என்றார் தேவபிரசாதம்.

"இல்ல, நான் போயிருக்கக் கூடாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னொரு மூச்சு விடுவதற்குள் சொல்லியிருக்கலாம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பேச்சு அதோடு நின்றது. அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அதைவிட.

சில மாசங்கள் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சாத்தான்குளத்திலிருந்து யாராவது வந்தால், "எங்கண்ணனுக்குன்னு போனேன், இங்க ஒரு உயிரு போயிட்டு" என்பாள். அவர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். பிறகு திடீரென்று ஒரு நாளிலிருந்து அவள் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். துக்கம் ஆறிவிட்டது என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் வேறு எதுவோ குறைந்திருந்தது. என்னவென்று பிடிபட அவருக்கு வெகுநாள் ஆயிற்று. சாயங்காலம் காபித் தம்ளரோடு அவள் உட்காருகிறாள், குடிக்கிறாள், எழுந்து போகிறாள். பள்ளிக்கூடக் கதை வருவதில்லை. கேட்டால் பதில் சொல்லுவாள். குறை ஒன்றும் இல்லை. உப்புப் புளி, வேட்டி சட்டை எல்லாம் அதது அதன் வேளையில் நடந்தது. அவர் ஒருநாள் பேப்பரைத் தாழ்த்தி, "பொறவு?" என்று கேட்டார். அவள் ஒன்றும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. "என்ன பொறவு?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

எழுபத்தொன்பதிலோ என்னவோ, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை அவள் வகுப்பில் படித்தது. டீச்சர் வீட்டில் முன்னால் ஆமை இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு சனிக்கிழமை முந்தானைக்குள் பொத்தி ஒரு நட்சத்திர ஆமைக்குட்டியைக் கொண்டுவந்தாள். தேவபிரசாதம் உள்ளே சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் ஜெயபாயின் குரல் கேட்டது. அந்தக் குரல் பல வருஷத்துக்கு முந்தின குரல்.

"அய்யோ, என்ன அழகு!" கையில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னாள்: "வேண்டாம்மா. எங்க வீட்டுல மண்ணு கெடையாது. எடுத்த எடத்துலயே விட்டுருங்க."

குத்திக்காட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. வீட்டில் கிணறு இல்லை, மாடி இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். தேவபிரசாதம் பாதிக் கன்னத்தில் சோப்போடு கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் குடோனிலிருந்து கொண்டுவந்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார். மூலையில் ஓங்கிப் போட்டார். கடப்பாரை துள்ளியது. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பேனாவும் சாவிக்கொத்தும் பிடித்த கை. அவர் பார்த்துப் பார்த்துப் போடச் சொன்ன கலவை அது. இம்மி இம்மியாகத்தான் விட்டுக்கொடுத்தது. நகக்கீறல்கள் அந்தத் தரையில் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. அவற்றின்மேலேயே போட்டார்.

சத்தம் கேட்டுப் பேச்சித்தாய் மதிலருகே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஜெயபாய் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"கை பொத்துப் போச்சு. போதும், வைங்க."

அவர் கடப்பாரையைப் பிடித்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜெயா, நீ சொல்லிட்டுப் போன மாதிரி நான் அன்னைக்கு மண்ணு போட்டு வைக்கல. எல்லாம் கை மிஞ்சின பொறவுதான் போட்டேன். நீ கேட்டதுக்கு ஆமான்னுட்டேன்."

"பேச்சித்தாய் சொன்னா."

"எப்ப?"

"அந்தப் பங்குனியிலயே. அவ ஒண்ணும் கோள் சொல்லல. டீச்சருக்குத் தெரியாததான்னு பேச்சோட பேச்சாச் சொன்னா."

"நீ ஒண்ணும் கேக்கலியே."

ஜெயபாய் சொம்பைத் துவைகல்லின்மேல் வைத்தாள். "நீங்களாச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவாவ, நாளைக்குச் சொல்லுவாவன்னு. பொறவு பாக்குறத விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அவருடைய உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். எரிந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

அந்த மூலையை முழுக்கப் பெயர்க்க அவருக்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வெள்ளத்துரையைக் கூப்பிட்டால் அரைநாளில் முடித்திருப்பான். அவர் கூப்பிடவில்லை. அடியில் இருந்த மண் உப்பேறி வெளுத்துக் கிடந்தது. ஜெயபாய் அதில் பசலை நட்டாள். பாதி வந்தது, பாதி கருகியது. வந்த பாதியைப் பறித்துக் கடைந்தாள். அவர் சொன்னது போலவே அந்த மூலைவழியாக உப்பு ஏறி, பக்கத்துச் சிமெண்டும் பேர்ந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

சாயங்காலங்களில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க அவர் பழகிக்கொண்டார். சில நாள் அவள் ஏதாவது சொல்லுவாள், ஒரு பிள்ளையைப் பற்றி, ஒரு பாட்டைப் பற்றி, சுருக்கமாக. பழையபடி ஓடி வருகிற பேச்சு இல்லை அது. அவர் இடையில் ஒன்றும் கேட்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்பார். பல நாள் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த நாள்களிலும் அவர் காபி ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.